பி-எக்ஸுக்கு எம் எவ்வளவு? ஒரு திருத்தமும் கொஞ்சம் வரலாறும்

இன்னைக்கு எபிசோட் ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது.

ரெண்டு எபிசோடுக்கு முன்னாடி பீரியாடிக் டேபிள் பத்திப் பேசிட்டிருந்தப்போ, போற போக்குல ஒரு விஷயம் சொன்னேன். பி ஆர்பிட்டால் மொத்தம் மூணு. பி-எக்ஸ், பி-ஒய், பி-இசட். அதுக்கு எம் மதிப்பு முறையே +1, −1, 0. அவ்வளவுதான். மொத்தமா பத்து செகண்ட்தான் இருக்கும்.

போன வாரம் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் மெயில் போட்டிருந்தாங்க. அவங்க ப்ளஸ் ஒன் ஸ்டூடண்ட் ஒருத்தி பரிட்சையில இதையே எழுதி, மார்க் போச்சுன்னதும் என் எபிசோடை எடுத்துக்கிட்டுப் போய் டீச்சர்கிட்ட வாதாடியிருக்கா. டீச்சர் மார்க் தரல. தரக்கூடாதுதான். "தம்பி, தப்பு அவளோடது இல்ல, உங்களோடது. ஒண்ணு அதை டிலீட் பண்ணுங்க, இல்லன்னா திருத்துங்க"ன்னு எழுதியிருந்தாங்க.

உண்மையைச் சொல்றேன், முதல்ல எனக்குக் கொஞ்சம் கோவம்தான் வந்துச்சு. ஏன்னா இதே பதிலை இன்ஜினியரிங் முதல் வருஷ வைவாவுல சொல்லி நான் மார்க் வாங்கியிருக்கேன். அப்புறம் பழைய என்சிஇஆர்டி பதினொண்ணாம் வகுப்பு புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். எம் மதிப்புகளுக்கும் எக்ஸ், ஒய், இசட் திசைகளுக்கும் நேரடியான எளிய தொடர்பு எதுவும் இல்லைன்னு அதுலயே தெளிவா ஒரு வரி இருக்கு. அந்த வரியைத் தாண்டித்தான் நான் என்ட்ரன்ஸ் எல்லாம் எழுதியிருக்கேன். படிச்ச ஞாபகமே இல்ல.

டிலீட் பண்ண மனசு வரல. அதனால திருத்தறேன். ஆனா "நான் சொன்னது தப்பு, சாரி"ன்னு முடிச்சா அந்தப் பொண்ணுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. ஏன் தப்புன்னு தெரியணும். அதுக்கு இந்தப் பேரெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கணும். எஸ், பி, டி, எஃப் ஒரு பக்கத்துலேருந்து வந்தது. எம் வேற ஒரு பக்கம். எக்ஸ், ஒய், இசட் இன்னொரு பக்கம். மூணையும் ஒரே அட்டவணையில ஒட்டிக் கொடுத்ததுதான் நம்ம குழப்பத்துக்கே காரணம்.

எழுத்துகள்: யாரோ வச்ச பழைய வேரியபிள் பேர்கள்

என்னை மாதிரி கோட் எழுதறவங்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். புது வேலையில சேர்ந்து பத்து வருஷப் பழைய கோடைத் திறப்போம். உள்ள ஒரு வேரியபிளுக்கு "டி2"ன்னு பேர் இருக்கும். ஏன்னு யாருக்கும் தெரியாது. வச்சவர் வேலையை விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. ஆனா மாத்தவும் முடியாது, ஏன்னா எல்லா இடத்துலயும் அதான் இருக்கு.

எஸ், பி, டி, எஃப் அந்த மாதிரிதான். 1870-கள்லயும் 1880-கள்லயும் லிவிங், டியூவர்னு ரெண்டு பேர் சோடியம், பொட்டாசியம் மாதிரி உலோகங்களோட ஆவி வெளியிடற ஒளியைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அந்த நிறமாலையில கோடு கோடாத் தெரியும். சில கோடு கத்தி மாதிரி கூர்மையா இருக்கும், சிலது மை ஊறின மாதிரி மங்கலாப் பரவியிருக்கும். கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுதோ அப்படியே பேர் வச்சாங்க. கூர்மையானது 'ஷார்ப்'. பரவலானது 'டிஃப்யூஸ்'. பளிச்சுனு முதன்மையாத் தெரியறது 'பிரின்சிபல்'. ஸ்வீடன்ல ரைட்பெர்க் இந்தக் கோடுகளையெல்லாம் வரிசை வரிசையாப் பிரிச்சு, அதுக்கு 1890-ல ஒரு சூத்திரம் கொடுத்தப்போ இந்தப் பேர்கள் நிலைச்சுப்போச்சு. பிறகு இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பத்துல அகச்சிவப்புப் பகுதியில இன்னொரு வரிசை கிடைச்சுது. அதுக்கு 'ஃபண்டமென்டல்'னு பேர் வந்துச்சு.

எஸ், பி, டி, எஃப் இந்த நாலு சொல்லோட முதல் எழுத்துகள். அவ்வளவுதான். முதல் மூணு பேரை வச்ச காலத்துல எலக்ட்ரானையே யாரும் கண்டுபிடிச்சிருக்கல. அணுவுக்கு உள்ள ஏதாவது இருக்கான்னே தெரியாது. 'எஸ்'ஸுன்னா ஸ்பெரிக்கல், அதாவது கோளம்னு சில கோச்சிங் நோட்ஸ்ல போட்டிருக்கும். நினைவு வச்சுக்க வசதிதான். ஆனா வரலாறு அது இல்ல. எஸ் ஆர்பிட்டால் கோள வடிவமா இருக்கறது தற்செயலா அந்த எழுத்தோட பொருந்துது.

1896: ஒரு கோடு தடிச்சுப்போச்சு

திசைக்கான கதை நெதர்லாந்துல, லெய்டன்ல ஆரம்பிக்குது. பீட்டர் ஸீமன்னு ஒரு இளைஞர். காந்தம் ஒளியைப் பாதிக்குமான்னு ஃபாரடே தன் கடைசி காலத்துல, 1862-ல, சோதிச்சுப் பார்த்து ஒண்ணும் கிடைக்காம விட்டிருந்தார். அதைப் பத்தி மேக்ஸ்வெல் எழுதினதை ஸீமன் படிச்சார். ஃபாரடே மாதிரி ஒருத்தரே முயற்சி பண்ணியிருக்கார்னா, இப்ப இருக்கிற நல்ல கருவிகளோட இன்னொரு தடவை பார்க்கலாமேன்னு அவருக்குத் தோணுச்சு.

சோடியம் சுடரை வலுவான மின்காந்தத்துக்கு நடுவுல வச்சார். ஸ்விட்சைப் போட்டதும் அந்த மஞ்சள் கோடுகள் கொஞ்சம் தடிச்சுது. அணைச்சதும் பழையபடி ஆச்சு. அவரோட ஆசிரியர் லோரென்ட்ஸ் உடனே ஒரு விளக்கம் கொடுத்தார்: அணுவுக்குள்ள மின்னூட்டம் கொண்ட ஏதோ ஒரு துகள் ஆடுது, காந்தப்புலம் அந்த ஆட்டத்தை மாத்துது, அதனால ஒரு கோடு மூணாப் பிரியணும். நல்ல கருவியில பார்த்தா சில கோடுகள் உண்மையிலேயே மூணாப் பிரிஞ்சுது. 1902-ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு.

ஆனா இங்கேயே ஒரு முள் இருந்துச்சு. எல்லாக் கோடும் மூணாப் பிரியல. ஸீமன் வச்சுப் பார்த்த அதே சோடியத்தோட ரெண்டு மஞ்சள் கோடுல ஒண்ணு நாலாவும் இன்னொண்ணு ஆறாவும் பிரியுது. லோரென்ட்ஸோட கணக்குல நாலுக்கும் ஆறுக்கும் இடமே இல்ல. இதுக்கு 'முறையற்ற ஸீமன் விளைவு'ன்னு பேர் வச்சு ஓரமா ஒதுக்கிட்டாங்க. கால் நூற்றாண்டுக்கு மேல அது அங்கேயே கிடந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

1916: எல்லாத் திசையும் கிடையாது

1913-ல நீல்ஸ் போர் தன்னோட அணு மாதிரியைக் கொடுத்தார். எலக்ட்ரான் சில குறிப்பிட்ட வட்டங்கள்ல மட்டும்தான் சுத்தும்னார். ம்யூனிக்ல இருந்த ஸோமர்ஃபெல்ட் அதை நீட்டினார். வட்டம் மட்டும் ஏன், நீள்வட்டமும் இருக்கலாமேன்னார். 1916-ல அவரும், தனியா டிபையும், இன்னொரு படி மேல போனாங்க. சுற்றுப்பாதையோட அளவும் வடிவமும் மட்டும் இல்ல, அது எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குங்கறதும் சில குறிப்பிட்ட நிலைகள்ல மட்டும்தான் இருக்க முடியும்னு சொன்னாங்க. எதைப் பார்த்து சாய்ஞ்சிருக்கு? காந்தப்புலத்தோட திசையைப் பார்த்து.

இதுதான் மூணாவது குவாண்டம் எண். காந்தப்புலத்தை வச்சுத்தான் தெரியவந்துச்சு, அதனால காந்தக் குவாண்டம் எண். எம்ங்கற எழுத்தே அதுலேருந்து வந்ததுதான்.

இன்னைக்கு நாம எழுதற மாதிரி சொன்னா, எல்-னு ஒரு எண் எலக்ட்ரானோட சுழற்சி எவ்வளவுன்னு சொல்லுது. எம் அந்தச் சுழற்சியில எவ்வளவு பங்கு காந்தப்புலத்தோட திசையில விழுதுன்னு சொல்லுது. எல் 1-னா எம் −1, 0, +1 மூணுதான். எல் 2-னா −2 முதல் +2 வரை அஞ்சு. எஃப்-க்கு ஏழு. நடுவுல அரை, கால் எதுவும் கிடையாது.

இது எவ்வளவு விசித்திரமான கருத்துன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. பம்பரம் சாயற மாதிரி யோசிங்க. பம்பரம் எந்தக் கோணத்துல வேணும்னாலும் சாயலாம். இங்க என்ன சொல்றாங்கன்னா, மூணு கோணத்துலதான் சாயும், நடுவுல நிக்கவே நிக்காது. அதுக்கும் மேல, காந்தத்தை எந்தப் பக்கம் வைக்கணும்னு முடிவு பண்றது நான். என் மேசையில காந்தத்தைத் திருப்பி வச்சா, கோடிக்கணக்கான அணுக்களும் அந்தப் புதுத் திசையைப் பார்த்து ஒழுங்கா நிக்கணுமா? யார் போய்ச் சொன்னது அதுங்ககிட்ட?

இந்தக் கேள்வி அன்னைக்குப் பெரிய பெரிய ஆட்களுக்கும் இருந்துச்சு. டிபையே பிறகு இதெல்லாம் நிஜமான திசை இல்ல, எலக்ட்ரான்களுக்கு நாம போட்ட ரயில் டைம்டேபிள் மாதிரின்னு ஒருத்தர்கிட்ட சொன்னதா பதிவு இருக்கு. அந்த ஒருத்தர் பேர் வால்டர் கெர்லாக்.

1922: ஃப்ராங்க்ஃபர்ட்ல ஒரு சுருட்டுக் கதை

ஃப்ராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்துல மேக்ஸ் போர்ன் துறைத் தலைவர். அவருக்குக் கீழ ஓட்டோ ஸ்டெர்ன். ஸ்டெர்னுக்கு இந்தத் திசைக் கதையில துளியும் நம்பிக்கை கிடையாது. ஒரு குளிர்காலக் காலையில படுக்கையை விட்டு எழுந்திருக்க மனசில்லாம படுத்திருந்தப்போ, இதை எப்படிச் சோதிக்கலாம்னு யோசனை வந்ததா பின்னாடி அவரே சொல்லியிருக்கார்.

யோசனை எளிமையானதுதான். வெள்ளியை அடுப்புல சுமார் 1000 டிகிரிக்குச் சூடாக்கினா ஆவியாகும். அந்த அணுக்களை ரெண்டு நுண்ணிய இடுக்கு வழியா ஒரு கற்றையா விடணும். அந்தக் கற்றையை ஒரு பக்கம் வலுவாவும் இன்னொரு பக்கம் வலு குறைஞ்சும் இருக்கிற காந்தத்துக்கு நடுவுல அனுப்பணும். ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அது எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கோ அதைப் பொறுத்து மேலயோ கீழயோ தள்ளப்படும். கடைசியில ஒரு கண்ணாடித் தகட்டுல போய் ஒட்டிக்கும். அணுக்கள் எல்லாத் திசையிலயும் சாய்ஞ்சிருந்தா தகட்டுல ஒரே இழுவல் தெரியும். திசைகள் எண்ணி வச்ச மாதிரி இருந்தா தனித்தனிக் கோடு தெரியும்.

செய்யறதுதான் கஷ்டம். இடுக்கு ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல மூணு பங்கு அகலம். காந்தம் மூணரை சென்டிமீட்டர் நீளம். அதுல கிடைக்கப்போற பிரிவு ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு. எங்கேயாவது தலைமுடி அளவு நகர்ந்தாலும் எல்லாம் வீண். வெற்றிடப் பம்புகள் கண்ணாடியில செஞ்சது, அடிக்கடி உடையும். இதுக்கு ஸ்டெர்ன் போதாது. கையால வேலை செய்யத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். அதுதான் கெர்லாக்.

காசும் கிடையாது. முதல் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனியில விலைவாசி ஏறிக்கிட்டிருந்த காலம். போர்ன் சார்பியல் பத்திப் பொதுமக்களுக்கு டிக்கெட் போட்டுச் சொற்பொழிவு நடத்தி அதுல வந்த பணத்தை ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தார். நியூயார்க்லேருந்து ஹென்றி கோல்ட்மன்னு ஒரு வங்கியாளர் ஒரு காசோலை அனுப்பினார். அதுல ஓடிச்சு.

இங்கதான் பிரபலமான சுருட்டுக் கதை. பல வருஷம் கழிச்சு ஸ்டெர்ன் சொன்னதை வேதியியலாளர் டட்லி ஹெர்ஷ்பாக் எழுதி வச்சிருக்கார். ஆரம்பச் சோதனை ஒண்ணுல கெர்லாக் தகட்டை வெளிய எடுத்துப் பார்த்தா ஒண்ணுமே தெரியல. ஸ்டெர்ன்கிட்ட கொடுத்தார். அவர் பக்கத்துல வச்சு உத்துப் பார்க்கப் பார்க்க, கண்ணு முன்னாடியே மெல்ல ஒரு கறுப்புத் தடம் எழும்பி வந்துச்சு. ஏன்னா அவருக்குச் சம்பளம் கம்மி, அதனால மட்டமான சுருட்டுதான் பிடிப்பார். அதுல கந்தகம் அதிகம். கந்தகம் பட்டா வெள்ளி கறுத்துப்போகும். வெள்ளிக் கொலுசு கறுக்கறதும் இதே விஷயம்தான். ஹெர்ஷ்பாக்கும் ப்ரெட்டிஸ்லாவ் ஃப்ரீட்ரிக்கும் பின்னாடி இதைத் திரும்பச் செஞ்சு பார்த்தாங்க. வெறும் மூச்சுக்காத்துல ஒண்ணும் தெரியல. சுருட்டுப் புகையை நேரா ஊதினாத்தான் தடம் வந்துச்சு.

1921 கடைசியில ஸ்டெர்ன் வேற வேலை கிடைச்சு ராஸ்டாக்குக்குப் போயிட்டார். கெர்லாக் ராத்திரி ராத்திரியா தனியா ஓட்டிக்கிட்டிருந்தார். 1922 பிப்ரவரியில தகட்டுல தெளிவா ரெண்டு கோடு விழுந்துச்சு. மூடின உதடு நடுவுல லேசாத் திறந்த மாதிரி ஒரு உருவம். பிப்ரவரி 8-ம் தேதி அந்தப் படத்தை ஒரு தபால் அட்டையில ஒட்டி, வாழ்த்துச் சொல்லி போருக்கு அனுப்பினார். ஸ்டெர்னுக்கும் ஒரு தந்தி போச்சு. போர் சொன்னதுதான் சரின்னு.

நம்பாதவர் வடிவமைச்ச சோதனை, அவர் நம்பாததையே உண்மைன்னு காட்டிடுச்சு. கதை இங்கேயே முடிஞ்சிருந்தா எவ்வளவு அழகா இருந்திருக்கும்!

சரியான சோதனை, தப்பான காரணம்

கோடு ரெண்டுன்னு சொன்னேன் இல்லையா. எல் 1-ன்னா எம் மூணு மதிப்பு எடுக்கணும். அப்ப மூணு கோடு வரணுமே? இதைப் பத்தி அப்பவே வாக்குவாதம் இருந்துச்சு. ஸோமர்ஃபெல்ட் கணக்குல மூணு. போர் மட்டும் எம் 0-ங்கற நிலை நடைமுறையில கிடையாது, அதனால ரெண்டுதான்னு வாதாடினார். ரெண்டு வந்ததும் போர் ஜெயிச்ச மாதிரி ஆச்சு.

ஆனா யாருமே ஜெயிக்கல. வெள்ளி அணுவுல 47 எலக்ட்ரான். கடைசி எலக்ட்ரான் எஸ் ஆர்பிட்டால்ல இருக்கு. எஸ்-னா எல் 0. எம்மும் 0. திசையே கிடையாது. இன்னைக்கு நாம படிக்கற கணக்குப்படி, அந்த அணு ஒரே கோடாத்தான் விழுந்திருக்கணும்.

பிறகு எப்படி ரெண்டு? 1925-ல லெய்டன்ல ஊலன்பெக், கௌட்ஸ்மிட்னு ரெண்டு இளைஞர்கள் எலக்ட்ரானுக்குத் தனக்குன்னே ஒரு சுழற்சி இருக்குன்னாங்க. நாம சொல்ற ஸ்பின். அதுக்கு ரெண்டே நிலை. எழுதிக் கொடுத்த பிறகு பயந்துபோய் கட்டுரையைத் திரும்ப வாங்கப் போனப்போ, பேராசிரியர் ஏரன்ஃபெஸ்ட் அதை ஏற்கனவே அனுப்பிட்டேன்னும், சின்ன வயசுதானே, ஒரு முட்டாள்தனம் பண்ணினாத் தாங்கிக்கலாம்னும் சொன்னாராம். அவங்க யோசிச்சது ஃப்ராங்க்ஃபர்ட் தகட்டைப் பத்தி இல்ல, நிறமாலைக் கோடுகளைப் பத்தி. ஓரமா ஒதுக்கி வச்ச அந்த நாலு கோடு, ஆறு கோடுக்குக் கடைசியில விடை இந்த ஸ்பின்தான். 1927-ல ஃபிப்ஸும் டெய்லரும் வெள்ளிக்குப் பதிலா ஹைட்ரஜனை வச்சுச் சோதிச்சாங்க. அங்கயும் ரெண்டு கோடு. அதுக்கப்புறம் சந்தேகத்துக்கு இடமே இல்ல.

அஞ்சு வருஷம் உலகம் முழுக்க அந்தத் தபால் அட்டையைப் பார்த்து, சுற்றுப்பாதையோட சாய்வைப் பார்த்துட்டோம்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க. பார்த்தது வேற ஒண்ணு. அதுக்கு அப்ப பேரே வைக்கல. பக்கத்துல ஒரு பேர் ரெடியா இருந்துச்சு, அதை எடுத்து ஒட்டிட்டாங்க. நானும் அந்த பத்து செகண்ட்ல அதேதான் பண்ணியிருக்கேன்.

சரி, எக்ஸ், ஒய், இசட் எங்கேருந்து வந்துச்சு?

1926-ல ஸ்ரோடிங்கரோட அலைச் சமன்பாடு வந்துச்சு. சுற்றுப்பாதை போயிடுச்சு, அலை வந்துடுச்சு. ஸோமர்ஃபெல்ட் கையால வச்ச விதி, எம் −எல் முதல் +எல் வரைன்னு, இப்ப கணக்குலேருந்து தானாவே வருது. 1932-ல அமெரிக்காவுல மல்லிக்கன் இந்த ஓர் எலக்ட்ரான் அலைகளுக்கு 'ஆர்பிட்டால்'னு பேர் வச்சார். ஆர்பிட் இல்ல, ஆனா அதோட வாரிசு.

இப்பத்தான் நம்ம விஷயம். அந்தச் சமன்பாட்டைத் தீர்த்தா எல் 1-க்கு மூணு விடை கிடைக்கும். எம் 0-ன்னா இசட் அச்சுல மேலயும் கீழயும் நீண்ட டம்பெல் வடிவம். அதைத்தான் பி-இசட்னு சொல்றோம். இதுல பிரச்சினை இல்ல. எம் +1-ம் −1-ம் டம்பெல் கிடையாது. ரெண்டும் இசட் அச்சைச் சுத்தி இருக்கிற மெதுவடை வடிவம். படத்துல பார்த்தா ரெண்டும் ஒண்ணேதான். வித்தியாசம் என்னன்னா, ஒண்ணு ராட்டினம் வலமாச் சுத்தற மாதிரி, இன்னொண்ணு இடமாச் சுத்தற மாதிரி. இந்த ரெண்டையும் எழுதணும்னா கலப்பெண் வேணும். ரூட் மைனஸ் ஒண்ணு வரும். போர்டுல அப்படியே வரைய முடியாது.

ஒரு கயிறை எடுத்துக்கங்க. இந்தப் பக்கம் நீங்களும் அந்தப் பக்கம் உங்க ஃப்ரெண்டும் ஒரே வேகத்துல ஆட்டறீங்க. ரெண்டு பக்கத்துலேருந்தும் அலை வருது. ஆனா நடுவுல பார்த்தா எதுவும் ஓடற மாதிரித் தெரியாது. சில இடம் மேலயும் கீழயும் ஆடும், சில இடம் அசையாம நிக்கும். எதிர் எதிரா ஓடற ரெண்டு அலை சேர்ந்து ஒரே இடத்துல நிக்கற அலை ஆகுது.

அதே மாதிரி வலமாச் சுத்தற +1-ஐயும் இடமாச் சுத்தற −1-ஐயும் சமமாச் சேர்த்தா, எக்ஸ் அச்சுல நிக்கற ஒரு டம்பெல் வரும். அதுதான் பி-எக்ஸ். வேற விதமாச் சேர்த்தா ஒய் அச்சுல நிக்கும். அது பி-ஒய்.

ஆகவே பி-எக்ஸுக்கு எம் எவ்வளவு? ஒரு மதிப்பு கிடையாது. அளந்து பார்த்தா பாதித் தடவை +1 வரும், பாதித் தடவை −1 வரும். பி-ஒய்க்கும் அதேதான். நான் சொன்னது, மைசூர்பாகுல நெய் எது சர்க்கரை எதுன்னு விரல் வச்சுக் காட்டின மாதிரி.

இந்தக் கலவையை யார் விரும்பினாங்க? வேதியியலாளர்கள். அவங்களுக்குப் பிணைப்புக்குத் திசை வேணும். மீத்தேன்ல கார்பனைச் சுத்தி நாலு ஹைட்ரஜன் நான்முகியா நிக்குதுன்னு 1874-லயே வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் சொல்லிட்டாங்க. சுத்திக்கிட்டே இருக்கிற வடையை வச்சு அந்தத் திசையைக் காட்டறது சிரமம். 1931-ல லைனஸ் பாலிங்கும் ஜான் ஸ்லேட்டரும் தனித்தனியா, எக்ஸ், ஒய், இசட் டம்பெல்களை வச்சுப் பிணைப்போட திசைகளை விளக்கினாங்க. அதுலேருந்து பாடப்புத்தகத்துல டம்பெல்தான்.

இது தப்பு இல்ல. ஒரே இடத்தைக் காட்ட நாலு தெரு தள்ளி வடக்கேன்னும் சொல்லலாம், பஸ் ஸ்டாண்டுலேருந்து வலது பக்கம்னும் சொல்லலாம். ரெண்டு வழியும் சரி. ஆனா இந்த வழியில பாதி, அந்த வழியில பாதின்னு சொன்னாப் போற ஆள் தொலைஞ்சு போவார். ஸ்பெக்ட்ரம் பார்க்கறவங்களுக்கு எம் வசதி. பிணைப்பு பார்க்கறவங்களுக்கு எக்ஸ், ஒய், இசட் வசதி.

டி-யில இது இன்னும் நல்லாத் தெரியும். எக்ஸ்-ஒய், ஒய்-இசட், இசட்-எக்ஸ்னு மூணு. பிறகு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒய் ஸ்கொயர். அதே நியாயப்படி ஒய் ஸ்கொயர் மைனஸ் இசட் ஸ்கொயர், இசட் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர்னு இன்னும் ரெண்டு வரணும் இல்லையா? மொத்தம் ஆறு. ஆனா கடைசி மூணையும் கூட்டிப் பாருங்க. பூஜ்ஜியம். அதாவது அதுல ரெண்டுதான் உண்மையிலேயே தனி. அதனால ஒண்ணை அப்படியே வச்சுக்கிட்டு, மத்த ரெண்டைச் சேர்த்து ஒண்ணா ஆக்கிட்டாங்க. அதுதான் நாலு இதழ் இல்லாம இடுப்புல வளையம் மாட்டிக்கிட்டு நிக்கற டி-இசட்-ஸ்கொயர். முழுப் பேர் ரெண்டு இசட் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் ஒய் ஸ்கொயர். படத்துல அது மட்டும் ஏன் வேற மாதிரி இருக்குன்னு ஸ்கூல்ல நான் கேட்டதே இல்ல. காரணம் இயற்கையில இல்ல, நம்ம இசட் அச்சுல இருக்கு.

அப்ப திசையெல்லாம் சும்மாவா?

சும்மா இல்ல. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

வெற்றிடத்துல தனியா மிதக்கிற ஒரு அணுவுக்கு எக்ஸ், ஒய், இசட் எதுவும் கிடையாது. மூணு பி ஆர்பிட்டாலும் சமமா நிரம்பியிருந்தா, மொத்தமா ஒரு உருண்டைதான். இதை 1927-ல ஊன்சோல்ட் கணக்காவே காட்டினார். மூணு டம்பெல்லும் குத்திக்கிட்டு நிக்கற அந்தப் படத்தைப் பார்த்துட்டு நைட்ரஜன் அணு முள்ளு முள்ளா இருக்கும்னு நினைச்சா ஏமாந்துடுவோம்.

ஆனா பக்கத்துல யாராவது வந்தா கதை மாறும். ஒரு காந்தம் வரட்டும், அதோட திசை இசட் ஆகுது, எம் அர்த்தம் பெறுது. பக்கத்து அணுக்கள் வரட்டும், அதுங்க நிக்கற திசை எக்ஸ், ஒய், இசட் ஆகுது. 1929-ல ஹன்ஸ் பெத்தே இதைத்தான் கணக்குப் போட்டார். ஒரு படிகத்துக்குள்ள டி ஆர்பிட்டால் அஞ்சும் சமமா இருக்காது. அக்கம்பக்கத்து அயனிகளை நேராப் பார்த்து நிக்கறது ரெண்டு, நடுவுல ஒதுங்கி நிக்கறது மூணு. ரெண்டு கூட்டத்துக்கும் ஆற்றல் வேற.

இதை லேப்ல எல்லாரும் கண்ணால பார்த்திருக்கோம். மயில்துத்தம் நீலம். சோதனைக்குழாயில போட்டுச் சூடாக்கினா தண்ணி போய் வெள்ளையாகும். ஒரு சொட்டுத் தண்ணி விட்டா மறுபடி நீலம். தாமிரம் அதே தாமிரம்தான். சுத்தி நிக்கறவங்க மாறும்போது அந்த டி ஆர்பிட்டால்களுக்கு நடுவுல இருக்கிற ஆற்றல் இடைவெளி மாறுது. எந்த நிறத்தை உறிஞ்சும்ங்கறதும் மாறுது. சோதனைக்குழாயைப் பிடிச்சுக்கிட்டு இதை ரெக்கார்ட் நோட்டுல எழுதினப்போ, ஆர்பிட்டாலோட திசையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்னு யாரும் எனக்குச் சொல்லல.

1999-ல நேச்சர் இதழ் தாமிர ஆக்சைடு படிகத்துல டி ஆர்பிட்டால் வடிவத்தை நேராப் பார்த்துட்டோம்னு அட்டையில போட்டப்போ பெரிய சர்ச்சை வந்துச்சு. எரிக் ஸ்கெர்ரி மாதிரியானவங்க, அளக்க முடியறது எலக்ட்ரான் அடர்த்திதான், ஆர்பிட்டால்ங்கறது நம்ம கணக்குல இருக்கிற ஒரு கருவின்னு மறுத்தாங்க. அந்த வாக்குவாதம் இன்னும் முடியல. நான் எந்தப் பக்கம்னு கேட்டா, மயில்துத்தத்தோட நீலத்தின் பக்கம்.

ஸ்டெர்ன் 1933-ல நாஜிகள் வந்ததும் ஜெர்மனியை விட்டு அமெரிக்காவுக்குப் போனார். 1943-க்கான நோபல் பரிசு அவருக்குத் தனியாக் கிடைச்சுது. கெர்லாக்குக்கு இல்ல. ஹாம்பர்க்ல ஸ்டெர்ன்கிட்ட அணுக்கற்றை வேலை கத்துக்கிட்ட ராபி, 1938-ல காந்த ஒத்ததிர்வைக் கண்டுபிடிச்சார். அந்த வழியில வந்ததுதான் இன்னைக்கு ஆஸ்பத்திரியில இருக்கிற எம்ஆர்ஐ. அந்தக் குழாய்க்குள்ள படுத்திருக்கும்போது நம்ம உடம்புத் தண்ணியில இருக்கிற புரோட்டான்களுக்கும் அதே ரெண்டு நிலைதான். திசையை முடிவு பண்றது அந்தப் பெரிய காந்தம்.

கடைசியா, அந்த ப்ளஸ் ஒன் ஸ்டூடண்டுக்கு. உன் டீச்சர் சொன்னதுதான் சரி. பி-இசட்டுக்கு எம் 0. பி-எக்ஸுக்கும் பி-ஒய்க்கும் தனியா எம் கிடையாது, +1-ம் −1-ம் கலந்ததுதான் ரெண்டும். பழைய எபிசோடோட ஆரம்பத்துல இந்தத் திருத்தத்தைப் பேசிச் சேர்த்துட்டேன். உன் மார்க்கை என்னால வாங்கித் தர முடியாது. எனக்கு வைவாவுல கிடைச்ச மார்க்கையும் இப்ப திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனா விடைத்தாளை எடுத்துக்கிட்டுப் போய் நின்னு கேட்ட பாரு, அதை மட்டும் விட்டுடாத. அடுத்த தடவை புத்தகத்தையும் கூட எடுத்துக்கிட்டுப் போ.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.